வாடிச் செத்த தக்காளி: அந்த மண்ணை இனி என்ன செய்யலாம்?

காய் பிடித்து நிற்கும் தக்காளிச் செடி திடீரென்று தலையைத் தொங்கப் போட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான். மறுநாளும் நிமிரவில்லை என்றால் வேப்ப எண்ணெய். அதற்கும் கேட்காமல் செடி செத்த பிறகுதான் மண்மேல் சந்தேகம் வரும். அப்புறம் ஆளுக்கு ஒரு யோசனை. மண்ணைக் கொட்டிவிடு, வெயிலில் போடு, டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணப் பொடியைக் கலந்துவிடு, அடுத்த தடவை வேறு செடி வை, ஒட்டு நாற்று வாங்கு.

எல்லாமே உருப்படியான யோசனைகள்தான். ஆனால் ஒரு நோய்க்கு ஒரே பருவத்தில் பலன் தரும் வழி, இன்னொரு நோய்க்கு வெறும் செலவு. எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதற்கு முன் எந்த நோய் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கத்தியும் கண்ணாடி டம்ளரும் போதும். நான் இங்கே எழுதுவது தமிழ்நாட்டுச் சமவெளியில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் வளர்ப்பவர்களை மனதில் வைத்து.

செத்த செடியைப் பிடுங்கிப் பாருங்கள்

தூக்கி எறியும் முன் வேரோடு பிடுங்குங்கள். இழுத்தால் வேர் அறுந்துவிடும். சுற்றிலும் மண்ணைக் கிளறி, மெதுவாகத் தூக்கி, தண்ணீரில் அலசுங்கள். சல்லிவேரெல்லாம் மணிமணியாக வீங்கி, சில இடங்களில் இஞ்சித் துண்டு மாதிரி புடைத்திருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. பயறு வகைச் செடிகளின் வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அவை வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது. இந்தச் செடி பெரும்பாலும் ஒரே நாளில் சாகாது. மத்தியானம் வாடும், சாயங்காலம் தேறும், வளர்த்தி குன்றும், உரம் போட்டாலும் வெளிறியே கிடக்கும்.

வேர் நன்றாக இருந்து, செடி பச்சை நிறம் மாறாமலேயே இரண்டு மூன்று நாளில் துவண்டு போயிருந்தால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படலாம். அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுனை தண்ணீரில் மூழ்கும்படி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் தெளிவாகவும் அசையாமலும் இருக்க வேண்டும். பாக்டீரியாவாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போல வெண்ணிற இழை ஒன்று நூலாகக் கீழே இறங்கும். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடிக்கு ஏறாததற்குக் காரணம் அதுதான்.

டம்ளரில் ஒன்றும் இறங்கவில்லை, கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின, அதுவும் செடியின் ஒரு பக்கம் மட்டும் முதலில் மஞ்சளானது, தண்டைச் சீவினால் பட்டைக்கு உள்ளே பழுப்பு நிறக் கோடு ஓடுகிறது என்றால் ஃபியூசேரியம் வாடல், அதாவது பூஞ்சாணம். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு அழுகி, வெள்ளை நூல் படர்ந்து, கடுகு கடுகாக உருண்டைகள் கிடந்தால் ஸ்கிளிரோஷியம் என்ற இன்னொரு பூஞ்சாணம். நாற்றுப் பருவத்திலேயே கழுத்து நைந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். பெரும்பாலும் அதிகத் தண்ணீரும் நெருக்கமான விதைப்பும்தான் காரணம்.

இரண்டு விஷயங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இலைச் சுருட்டை வைரஸ் வெள்ளை ஈ மூலம் பரவுகிறது, மண்ணை மாற்றிப் பயனில்லை. பழத்தின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவது கிருமியே அல்ல. தண்ணீர் ஒரு நாள் உண்டு, மூன்று நாள் இல்லை என்று ஊற்றுவதால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. இந்த இரண்டுக்காக நல்ல மண்ணைக் கொட்டியவர்கள் நிறையப் பேர்.

மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவது

நாலைந்து குரோ பேக் வைத்திருப்பவருக்கு இதுதான் வேகமான வழி. பாக்டீரியா வாடல் என்று டம்ளர் சொல்லிவிட்டால் நானும் இதையே செய்வேன், ஏனென்றால் அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். நூற்புழுவுக்கோ ஃபியூசேரியத்துக்கோ அவ்வளவு அவசரப்பட வேண்டாம், அவற்றுக்கு மலிவான வழிகள் இருக்கின்றன.

ஆனால் புது மண் என்றால் சுத்தமான மண் என்று அர்த்தம் இல்லை. லாரியில் வரும் செம்மண் எந்தத் தோட்டத்தில் அள்ளியது என்று யாருக்கும் தெரியாது. காய்கறி போட்ட நிலத்து மேல்மண் என்றால் நூற்புழுவும் கூடவே வரும். நர்சரியில் மண் பையில் வளர்த்த நாற்று இன்னொரு வாசல். அதன் வேர் உருண்டையை நம் பையில் இறக்கும்போது அந்த நர்சரியின் நோயையும் சேர்த்தே நடுகிறோம். கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் நிரப்பிய குழித்தட்டில் வளர்ந்த நாற்று எவ்வளவோ மேல்.

பழைய பையையும் களைக்கொத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைக்காமல் புது மண் போடுவதில் அர்த்தமே இல்லை. மாடியில் பைகள் வரிசையாக இருந்தால் ஒன்றின் அடியிலிருந்து வடியும் தண்ணீர் அடுத்ததன் அடியில் தேங்கும். பாக்டீரியா போகிற பாதை அதுதான். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

கொட்டும் மண்ணை எங்கே கொட்டுவது என்பதும் கேள்விதான். கத்தரி, மிளகாய், வாழை இருக்கும் பக்கம் வேண்டாம். தென்னை மரத்தடியோ புல் தரையோ பரவாயில்லை.

வெயிலை வேலைக்கு வைப்பது

என்னைக் கேட்டால், நம் ஊரில் இருக்கிற வழிகளிலேயே அதிகம் பயன்படாமல் கிடப்பது இதுதான். ஈரமான மண்ணின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மூடி, வெயில் சூட்டில் கிருமியைக் கொல்வது. இஸ்ரேலில் காட்டான் என்ற நோயியல் அறிஞரும் அவரது குழுவினரும் 1976-இல் இதை முறையாக வெளியிட்டார்கள். சித்திரை வெயில் நமக்கு இலவசம்.

மண்ணை வெறுமனே தரையில் பரப்பிக் காயப் போடுவது வேறு, இது வேறு. காய்ந்த மண்ணில் பூஞ்சாண உருண்டைகளும் நூற்புழு முட்டைகளும் உறங்குநிலைக்குப் போய்த் தாக்குப்பிடிக்கும். ஈரம் இருந்தால் அவை விழித்திருக்கும், சூடும் உள்ளே வரை ஏறும். அதனால் மண்ணைப் பிழிந்தால் சொட்டாத அளவுக்கு நனைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். தாள் கறுப்பாக இருக்கக் கூடாது. கறுப்புத் தாள் தானே சூடாகி அந்தச் சூட்டை வெளியே விட்டுவிடும், தெளிவான தாள்தான் வெயிலை உள்ளே விட்டுச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

கொல்லைப் பாத்தி என்றால் 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள தாளைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். மேல் அரை அடி மண் நன்றாகச் சுத்தமாகும். ஆழத்தில் இருக்கும் நூற்புழு தப்பித்துக்கொள்ளும், அடுத்த செடியின் வேர் அங்கே போகும்போது மேலே வரும். பாத்தியில் இந்த வழிக்கு உள்ள பெரிய குறை இது.

மாடிக்காரருக்கு அந்தக் குறை இல்லை. பையில் உள்ள மண்ணுக்கு எல்லாப் பக்கமும் வெயில். மண்ணைச் சின்னத் தெளிவான பைகளில் நிரப்பி, பலகை மேலோ செங்கல் மேலோ வைத்து, அதற்கும் மேலே இன்னொரு தாளைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டினால் நடு மண்ணே 60 டிகிரியைத் தொட முடியும். 60 டிகிரி ஒரு மணி நேரம், அல்லது 70 டிகிரி அரை மணி நேரம் நின்றால் தாவர நோய்க்கிருமிகள் பெரும்பாலும் முடிந்தன என்பது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் தொட்டி மண்ணுக்குத் தரும் கணக்கு. சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை மண்ணின் நடுவில் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாள் தொட்டதோடு நிறுத்தாமல் ஓரிரு வாரம் விட்டுவைத்தால் மனசுக்கும் நிம்மதி.

ஏப்ரல், மே மாதங்களில் செய்து முடித்தால் ஆடிப்பட்டத்துக்கு மண் தயார். ஐப்பசி மழையில் செடி செத்தவருக்கு இது உடனடி வழி ஆகாது, மண்ணைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கோடைக்குக் காத்திருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதை நம்ப வேண்டாம்.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மேலே இரண்டு அங்குலம் வேகும், அதற்குக் கீழே வெதுவெதுப்பு, அவ்வளவுதான். குழித்தட்டுக்கு வேண்டிய கொஞ்சம் கலவையை மட்டும் பழைய இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வைக்கலாம், நாற்றழுகலுக்கு அது நல்ல தீர்வு. வீட்டில் சம்மதம் வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும்

முதலாவது நல்ல பூஞ்சாணம், இரண்டாவது நல்ல பாக்டீரியா. இவை மருந்து அல்ல. காலி மனையை நல்ல ஆள் முதலில் பிடித்துக்கொண்டால் ஆக்கிரமிப்புக்காரன் உள்ளே வர முடியாதே, அந்த வேலையைத்தான் இவை செய்கின்றன. நோய் முற்றி வாடிய செடியின் வேரில் கரைத்து ஊற்றி எழுப்பிவிடலாம் என்று நினைத்தால் பணம் வீண்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். வீட்டில் நாம் போடும் ஐம்பது விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம். வயலுக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து போடச் சொல்கிறார்கள். அந்த விகிதத்தில் ஒரு கிலோ மக்கிய எருவுக்கு 50 கிராம். எருவில் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் சாக்குப் போட்டு ஒரு வாரம் பத்து நாள் வைத்தால் பூஞ்சாணம் எரு முழுக்கப் பரவும். வெறும் பொடியைக் காய்ந்த மண்ணில் தூவுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

பொடி வாங்கும்போது தயாரிப்புத் தேதி பாருங்கள். உள்ளே இருப்பது உயிர். தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்க வெந்த பாக்கெட்டில் டால்க் மாவு மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

எதற்கு எது? ஃபியூசேரியம், நாற்றழுகல், ஸ்கிளிரோஷியம் ஆகிய பூஞ்சாணங்களுக்கு டிரைக்கோடெர்மா. பாக்டீரியா வாடல் பக்கம் சூடோமோனாஸ் ஓரளவு உதவும், தனியாக நிற்காது. நூற்புழுவுக்குப் பேசிலோமைசஸ் என்று கேட்டு வாங்க வேண்டும், அது நூற்புழு முட்டைகளைத் தின்னும் பூஞ்சாணம். கூடவே வேப்பம் புண்ணாக்கு. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்து ஈரம் காக்க வேண்டும். நடும் அன்றைக்குப் போட்டால் மக்கும்போது வரும் சூடு இளம் வேரைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

என் கணக்கில் இந்த வழியின் சரியான இடம் வெயில் வைத்தியத்துக்கு அடுத்தது. சூடேறிய மண் காலி மண், நல்லதோ கெட்டதோ முதலில் வருவது குடியேறும். அப்போது டிரைக்கோடெர்மா எரு சேர்த்தால் கொடுத்த காசுக்கு முழுப் பலன். முறையை மாற்றி, கலந்துவிட்டு வெயிலில் மூடினால் அதையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம்.

வேறு செடி வைப்பது

செலவே இல்லாத வழி, ஆனால் நோய் தெரியாமல் செய்தால் பலனும் இல்லை. தக்காளியைத் தாக்கும் ஃபியூசேரியம் வகை தக்காளியை மட்டும்தான் தாக்கும். அந்தப் பையில் தாராளமாகக் கத்தரி வைக்கலாம், மிளகாய் வைக்கலாம். ஆனால் பாக்டீரியா வாடல் வந்த பையில் கத்தரி, மிளகாய் வைத்தால் மறுபடியும் அதே கதை. அங்கே மக்காச்சோளம், வெங்காயம் மாதிரி வேறு குடும்பம் வேண்டும். தானாக முளைக்கும் மணத்தக்காளியை யாரும் பிடுங்குவதில்லை, வாய்ப்புண்ணுக்கு ஆகும் என்று விட்டுவைப்பார்கள். பாக்டீரியா அதன் வேரில் உட்கார்ந்து அடுத்த தக்காளிக்குக் காத்திருக்கும். வாடல் வந்த பையில் அது இருக்கவே கூடாது.

நூற்புழுவுக்குப் பயிர் மாற்றம் இன்னும் கஷ்டம். வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கு என்று வீட்டில் விரும்பி வைப்பதெல்லாம் அதற்கும் விருப்பம். எள்ளும் நிலக்கடலையும் அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் ஸ்கிளிரோஷியம் இருக்கும் மண்ணில் கடலை போட்டால் அந்த நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. செண்டுமல்லி வைத்தால் நூற்புழு போகும் என்பது உண்மைதான். அதன் வேரில் உள்ள பொருள் நூற்புழுவைக் கொல்லும். ஆனால் தக்காளிக்குப் பக்கத்தில் அழகுக்கு ஒரு செடி வைப்பதால் ஒன்றும் நடக்காது. பையையோ பாத்தியையோ முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லிக்கே ஒரு பருவம் கொடுத்து, பிறகு தக்காளிக்கு வர வேண்டும். குட்டைச் செண்டுமல்லி வகை இதற்கு நல்லது.

ரகத்தை மாற்றுவது

பாக்டீரியா வாடல் திரும்பத் திரும்ப வரும் வீட்டுக்கு நான் சொல்லும் வழிகளில் ஒன்று இது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் இரண்டும் இலைச் சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என மூன்றையும் தாங்கும் கலப்பினங்கள். அமில மண்ணால் இந்த வாடலில் அதிகம் அவதிப்படுவது கேரளம். அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ரகங்களும் இதே நோய்க்காக வந்தவை. குமரி, நெல்லை, கோவையின் மேற்கு ஓரத்தில் இருப்பவர்கள் அவற்றையும் தேடலாம்.

குறைகள் உண்டு. அர்கா ரக்ஷக் முதல் தலைமுறைக் கலப்பினம், அதன் விதையை எடுத்து வைத்து மறுபடி போட்டால் அதே குணம் வராது. காய் கெட்டி, சதைப்பற்று அதிகம், லாரியில் போக நல்லது. ரசத்துக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்பை அதில் எதிர்பார்க்க வேண்டாம். தாங்கும் என்றால் வரவே வராது என்றும் பொருள் அல்ல.

நூற்புழு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு விதைப் பாக்கெட்டில் வி, எஃப், என் என்று எழுத்துகள் போட்டிருக்கும். முதல் இரண்டும் வெர்ட்டிசிலியம், ஃபியூசேரியம் வாடல்களைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். மூன்றாவது நூற்புழு. தக்காளியில் அந்தத் தாங்கும் சக்தி எம்ஐ என்ற மரபணுவிலிருந்து வருகிறது. மண் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் நிலையாக இருந்தால் அது வேலை செய்யாது. மதுரையில் மாசி பிறந்தாலே மாடித் தொட்டி மண் அதைத் தாண்டும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் வளர்ப்பதானால் சரி, மற்றபடி அந்த எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது நம் வெயிலில் வீண்.

ஒட்டு நாற்று

சுண்டைக்காய் வேரில் ஒட்டிய கத்தரி நாற்று தமிழ்நாட்டில் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. தக்காளியில் ஒட்டு அவ்வளவு பரவலாக இல்லை, ஆனால் வழி புதிதல்ல. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பல வருடமாகத் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டச் சொல்லிவருகிறது. அதற்கென்றே தேர்ந்தெடுத்த கத்தரி வேர் பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் தாங்கும், மழையில் தண்ணீர் தேங்கினாலும் அழுகாது. மேலே பிடித்த நாட்டுத் தக்காளி, கீழே முரட்டு வேர். புளிப்பை விட மனமில்லாதவருக்கு இதைவிட நல்ல சமரசம் இல்லை.

வீட்டிலேயே செய்யலாம், பொறுமை வேண்டும். கத்தரி மெதுவாக வளர்வதால் அதை முன்னதாக விதைக்க வேண்டும், ஒட்டும் நாளில் இரண்டு தண்டும் ஒரே பருமனில் இருக்க வேண்டும், ஒட்டிய பின் சில நாள் ஈரப்பதமான நிழல். முதல் தட்டில் பாதி பிழைத்தால் சந்தோஷப்படுங்கள்.

நடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். தக்காளியைத் தண்டு புதைய ஆழமாக நடுவது நமக்குப் பழக்கம், தண்டிலும் வேர் விடும் என்பதால். ஒட்டு நாற்றில் அதைச் செய்தால் ஒட்டுக்கு மேலே உள்ள தக்காளித் தண்டு வேர்விட்டு நேராக நோய் மண்ணுக்குள் இறங்கும். கொடுத்த விலை அத்தனையும் வீண். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், மண் அணைக்கும்போதும் மூடக் கூடாது.

மருந்துகள்

காப்பர் ஆக்ஸிகுளோரைடு நாற்றழுகலுக்கு வேரடியில் ஊற்றுவார்கள், அளவாகச் செய்தால் அதில் தவறில்லை. பாக்டீரியா வாடலுக்குக் கடையில் தரும் ஆன்டிபயாட்டிக் பொடியும், நூற்புழுவுக்கு வரும் குருணை மருந்தும் வீட்டில் சாப்பிடப் பறிக்கும் செடிக்கு வேண்டாம். அவற்றை எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொல்லைப் பாத்தியில் பாக்டீரியா வந்துவிட்டால்

பைக்காரர் மண்ணைக் கொட்டித் தப்பிப்பார், நிலத்தை எங்கே கொட்டுவது? அங்கே என் தேர்வு ஒட்டு நாற்று, கிடைக்காவிட்டால் அர்கா ரக்ஷக். இரண்டும் வேண்டாம், பழைய ரகம்தான் வேண்டும் என்றால் தக்காளியைப் பைக்கு மாற்றிவிட்டுப் பாத்தியை இரண்டு மூன்று வருடம் மக்காச்சோளத்துக்கும் வெங்காயத்துக்கும் கொடுத்துவிடலாம். பையை மட்டும் அதே பாத்தியின் தரையில் நேராக உட்கார வைக்காதீர்கள். அடியிலுள்ள வடிகால் ஓட்டை வழியாக வேர் ஒரே மாதத்தில் தரைக்குள் இறங்கிவிடும். இரண்டு செங்கல் உயரமாவது வேண்டும்.